எதிர்பாராமல் பிள்ளை உண்டாகிவிட்டதா? கணக்கை இன்றே தொடங்குங்கள்!



"இருக்கிற பிள்ளைகளே போதும்னு இருந்தோம், டிரெஸர். இப்ப மறுபடியும் நாள் தள்ளிப் போச்சு. கையில ஒரு காசு கிடையாது. என்ன செய்யறது?"

தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காத வருஷமே இல்லை. கேட்கும் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். கூட வந்த கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஏதோ குற்றம் செய்துவிட்டவர்கள் போல இருவரும் முழிப்பார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. திட்டம் போடாமல் பிள்ளை உண்டாவது பங்களாவிலும் நடக்கிறது, லயத்திலும் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், பங்களாவில் சேமிப்பு இருக்கிறது. நம்மிடம் இருப்பது நாட்கள்தான். இரண்டாம் மாதத்தில் தெரிந்துகொண்டால் பிரசவத்துக்கு இன்னும் 32 வாரம் இருக்கிறது. அந்த 32 வாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறப்பதால் குடும்பம் கடனில் மூழ்குவது குறைவு. மூழ்க வைப்பது, பயந்து போய் ஒளித்து வைத்துக் காலத்தைக் கடத்துவதுதான்.

ஒளித்து வைக்காதீர்கள்

"மூணு மாசம் போகட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று மாமியார் சொல்வார். "ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிடுவாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். இரண்டையும் நம்பி ஐந்தாம் மாதம் வரை வயிற்றை மறைத்துக்கொண்டு மருந்தடிக்கப் போகும் பெண்கள் இன்றும் உண்டு.

இதனால் வரும் நஷ்டம் என்ன? இரத்தம் குறைவாக இருப்பதும், இரத்த அழுத்தம் ஏறுவதும், சர்க்கரை ஏறுவதும் தெரியாமலே போய்விடுகிறது. களைக்கொல்லி மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்பது உண்மை. அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் பன்னீர் ஆகிவிடாது. பிள்ளை உண்டானது தெரிந்தவுடனே மருந்தடிக்கும் வேலை, உரம் போடும் வேலை, பாரம் தூக்கும் வேலை ஆகியவற்றிலிருந்து மாற்றிக் கேளுங்கள். அதற்காகவாவது ஆபீசில் சொல்லியே ஆகவேண்டும்.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதா? 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் திருத்தச் சட்டத்தின்படி, கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது குற்றம்.

இன்னொரு விஷயம். "கலைக்கிறதுக்கு மருந்து இருக்கு" என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பச்சைப் பப்பாளி, அன்னாசி, பாட்டி வைத்தியக் கஷாயம், இரகசியமாக விற்கும் மாத்திரை எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து, கடைசியில் இரத்தப் போக்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. பணமும் போய், உயிரும் ஊசலாடும். உடம்பிலோ மனதிலோ தாங்க முடியாத கஷ்டம் இருந்தால் அரசாங்க டாக்டரிடம் நேரடியாகவே பேசுங்கள். டாக்டர் திட்டமாட்டார். பேசத்தான் அவர் இருக்கிறார்.

கிளினிக் செலவு எவ்வளவு?

பலர் நினைப்பது போல இது பெரிய செலவு இல்லை. பிரஜைகளுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கே பதிந்துகொண்டால் தாய்க்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். ரோஸ் கலரில் இருந்ததால் 'பிங்க் புத்தகம்' என்றே பேர் பெற்றுவிட்டது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு எந்த நேரத்தில் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்தப் புத்தகத்தில் மிஸ்ஸி ஒட்டும் வண்ண அடையாளத்தைக் கவனியுங்கள். சிவப்பு ஒட்டினால் உடனே ஆஸ்பத்திரி. "சம்பளம் போட்டப்புறம் போகலாம்" என்ற பேச்சே கூடாது.

இரும்புச் சத்து மாத்திரை, ஃபோலிக் மாத்திரை எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள். வாங்கி வந்து அலமாரியில் அடுக்காமல் சாப்பிடுங்கள். மாத்திரை விழுங்கின கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். தேத்தண்ணி இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

பிரசவத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு வார்டில் பிரஜைகளுக்கு ஆகும் செலவு பத்து வெள்ளிக் கணக்கில்தான் வரும். தனியார் ஆஸ்பத்திரியில் அதுவே ஆயிரக் கணக்கில். "தனியார்ல பார்த்தாத்தான் மரியாதை" என்று கடன் வாங்காதீர்கள். சிக்கலான பிரசவத்தைத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்தும் கடைசியில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது உண்டு.

நமக்கு உண்மையான செலவு போக்குவரத்துத்தான். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக வர, கூட ஒரு ஆள், சாப்பாடு. இதற்குத்தான் காசு ஒதுக்க வேண்டும்.

சட்டம் கொடுத்திருக்கும் பணம்

தாய்மார்களே, இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி பேறுகால விடுமுறை முன்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாள். இது அந்த நாட்களுக்குச் சம்பளப் பணமும் கிடைக்கும் விடுமுறை. நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 98 பெருக்கல் 65 போடுங்கள். 6,370 வெள்ளி வருகிறது. நம்மில் எத்தனை பேர் கையில் ஒரே வருஷத்தில் அவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம்? இந்தப் பணத்தை இழந்துவிட்டு ஆலோங்கிடம் போய் ஆயிரம் வெள்ளிக்குக் கைநீட்டுவது நியாயமா?

ஆனால் இதற்குச் சில விதிகள் உண்டு.

ஒன்று: பிரசவத்துக்கு முந்திய நாலு மாதத்துக்குள் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். அதோடு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே, "வாந்தி தாங்கல" என்று முதல் மாதங்களிலேயே வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள். மருந்துச்சாலைக்கோ கிளினிக்குக்கோ வந்து சீட்டு வாங்கி லீவு எடுங்கள். விட்டு நிற்பது வேறு, லீவு எடுப்பது வேறு.

இரண்டு: பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள், எந்தத் தேதியிலிருந்து விடுமுறை எடுக்கிறீர்கள் என்று முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் போய்விட்டால், அறிவிக்கும் வரையில் பணத்தை நிறுத்தி வைக்க அவருக்கு இடம் உண்டு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொடுத்த தேதியைக் குறித்து, கிராணியிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று: பிரசவத்தின்போது உயிரோடு இருக்கும் சொந்தப் பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் விடுமுறை உண்டு, பணம் கிடையாது. வளர்ந்து கல்யாணமான பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும்.

நான்கு: விடுமுறையைப் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் தொடங்கலாம், அதற்கும் முன்னால் அல்ல. ஒரு மாதம் முன்பே தொடங்கினால், பிள்ளையோடு இருக்கும் நாள் அவ்வளவு குறையும் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

பால் வெட்டி எடைக்குச் சம்பளம் வாங்குபவர்களும், குலை எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்குபவர்களும் சம்பளச் சீட்டைத் தூக்கி எறியக் கூடாது. உங்கள் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட அதுதான் சாட்சி. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள், தங்கள் முதலாளி யார் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். "பேறுகாலப் பணம் வேண்டாம்" என்று ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. தகராறு வந்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு செய்தி. 12 மாதம் ஒரே முதலாளியிடம் வேலை செய்த, திருமணமான ஆணுக்கு 7 நாள் தொடர்ச்சியாகச் சம்பள விடுமுறை உண்டு. ஐந்து பிரசவம் வரைக்கும் கிடைக்கும். 30 நாள் முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். அந்த ஏழு நாளும் பட்டணத்துக் கடையில் உட்கார்ந்திருக்கக் கொடுத்தது அல்ல!

மூன்று டின் கணக்கு

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. சேமநிதி, சொக்சோ பிடித்தது போகக் கையில் வருவது சுமார் 1,500. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலை செய்யும் வீட்டில் ஆளுக்கு வாரம் 20 வெள்ளி எடுத்து வைத்தால் வாரம் 40. 32 வாரத்தில் 1,280 வெள்ளி.

"இருபது வெள்ளிக்கு எங்க போறது?" என்கிறீர்களா? புதன், சனி, ஞாயிறு என்று நாலு நம்பருக்குப் போகிற காசைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சம்பளத்தன்று சாயங்காலம் போகிற காசையும் எண்ணிப் பாருங்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உழைத்த உடம்பு, மனசு கேட்கத்தான் செய்யும். 32 வாரத்துக்கு மட்டும் பாதியாகக் குறையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணத்தை ஒரே இடத்தில் போட்டால் கரைந்துவிடும். மூன்று மைலோ டின்னை எடுத்து மூன்று பேர் எழுதி வையுங்கள்.

முதல் டின், பயணம்: கிளினிக்குக்குப் பத்துத் தடவை போய்வர, தடவைக்கு 20 வீதம் 200 வெள்ளி. பிரசவத்துக்குப் போகும் வண்டி, கூட இருப்பவர் சாப்பாடு, ஆஸ்பத்திரிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 200.

இரண்டாவது டின், தாயும் பிள்ளையும்: பிள்ளைச் சாமானுக்கு 300. பெற்றவளுக்கு முட்டை, மீன், நெத்திலி, கீரை, பருப்பு, பிள்ளை பெற்ற மருந்து இவற்றுக்கு 180.

மூன்றாவது டின், ஆபத்துக்கு: 400. இதை யாரும் தொடக் கூடாது. சரக்குக் கடைக் கணக்கை அடைக்கவும் தொடக் கூடாது.

மொத்தம் 1,280. ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு என்றால் வாரம் 20 வைத்து 640 வரும். அப்போதும் கிளினிக் பயணத்துக்கு 200, பிரசவ நாளுக்கு 150 என்று முதல் டின்னை நிரப்பிவிடுங்கள். பிள்ளைச் சாமானுக்கு 150 போதும், மீதி 140 ஆபத்து டின்னில். குறைக்க வேண்டுமானால் சாமானில் குறையுங்கள். பயணத்தில் குறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எட்டாம் மாதத்தில் மரம் வெட்டும் கை தளரும், வரவும் குறையும். ஆகவே உடம்பு தெம்பாக இருக்கும் நடு மாதங்களில் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

வாங்க வேண்டியதும் வேண்டாததும்

பிறந்த பிள்ளைக்கு என்ன தேவை? ஆறேழு சட்டை, இரண்டு டஜன் துணி நாப்கின், பழைய மெத்துச் சேலைத் துண்டுகள், ஒரு கொசு வலை, குளிப்பாட்ட ஒரு பேசின், சோப்பு. சாரம் கட்டித் தூளி போடும் வீட்டில் ஸ்பிரிங்கும் கொக்கியும் துருப் பிடிக்காமல் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மட்டும் பழசு வேண்டாம்.

மற்றதெல்லாம் பழசே போதும். அக்கா பிள்ளை போட்ட சட்டையை வாங்கிக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பிள்ளைக்கு அப்படியே போடாதீர்கள். 'ஜி6பிடி' குறை உள்ள பிள்ளைகளுக்கு அந்த நெடியே இரத்தத்தை முறித்து, மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

பவுடர், கிரீம், நடைவண்டி, தள்ளுவண்டி இவையெல்லாம் வேண்டாதவை. கடைக்காரருக்குத்தான் அவை தேவை.

தாய்ப்பால் காசு மிச்சம்

ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பிறந்தவுடன் வரும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அதுதான் பிள்ளைக்கு முதல் மருந்து.

காசுக் கணக்கும் பாருங்கள். மாவுப் பால் பெரிய டின் ஒன்று எட்டுப் பத்து நாளில் காலி. ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 20 டின். டின் 40 வெள்ளி என்று வைத்தாலும் 800 வெள்ளி. போத்தல், காஸ், வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டர் செலவு எல்லாம் தனி.

காசு போதவில்லை என்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள் சிலர். பிள்ளை மெலிந்துபோகும். இன்னும் சிலர் தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் இனிப்புப் பாலைக் கரைத்துக் கொடுப்பார்கள். 1939இலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், இந்த டின் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்று பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். அன்று அவர் சொன்னது இன்றும் உண்மை. இனிப்புப் பால் பிள்ளைக்கு உணவல்ல.

உண்மையாகவே பால் சுரக்காத தாய்மார், அல்லது நோய் காரணமாகக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள், வெட்கப்படாமல் கிளினிக்கில் கேளுங்கள். என்ன மாவு, எத்தனை கரண்டி என்று சொல்லித் தருவார்கள்.

கடனும் விசேஷமும்

ஆயிரம் வெள்ளியை மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால், மாதம் 100 வெள்ளி வட்டி. ஒரு வருஷத்தில் 1,200 கட்டியிருப்பீர்கள். முதல் ஆயிரம் அப்படியே நிற்கும். பிள்ளைக்கு முதல் பிறந்த நாள் வரும்போது கடனுக்கும் முதல் பிறந்த நாள்! வங்கி அட்டையையும் அடையாளக் கார்டையும் யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் சேரும். 1,700 சம்பளக்காரருக்கு மாதம் சுமார் 40 வெள்ளி. குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆபத்துக்கு அது இருக்கட்டும். வளைகாப்புப் பந்தலுக்கு எடுக்காதீர்கள். அரசாங்க ரொக்க உதவியான 'எஸ்.டி.ஆர்.' வாங்குபவர்கள் புதுப் பிள்ளையின் பேரைச் சேர்க்க மறக்க வேண்டாம். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் தொகை.

வளைகாப்பு, முப்பதாம் நாள், தொட்டில் போடுவது, முடி இறக்குவது என்று ஒரு பிள்ளைக்கு நாலு விசேஷம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு மனிதர்களோடு, ஒரு பானைப் பொங்கலோடு செய்தாலும் பிள்ளை நன்றாகவே வளரும். பரிசு கொடுக்கும் சொந்தக்காரர்களிடம், "தங்கக் காப்பு வேண்டாம் மாமா, நாப்கினா வாங்கிக் குடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள்.

1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், நம் பெற்றோரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். பத்து வெள்ளியால் எஸ்டேட்டையே வாங்கிய சமுதாயம் நாம். 32 வாரத்தில் ஒரு பிள்ளைக்குச் சேர்க்க முடியாதா?

பத்திரம் இல்லையென்றால்

பிள்ளை பிறந்த முதல் வாரங்களிலேயே பதிவிலாகாவுக்குப் போய்ப் பிறப்புப் பத்திரம் எடுத்துவிடுங்கள். "அப்புறம் பார்ப்போம்" என்று விட்டதால் நாற்பது வயதிலும் அடையாளக் கார்டு இல்லாமல் அலைபவர்கள் நம் இனத்தில் இருக்கிறார்கள். பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலும் சிரமம், ஆஸ்பத்திரியில் வெளிநாட்டார் கட்டணம்.

கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாவிட்டால் தகப்பன் பேரைப் போடுவதில் சிக்கல். தாய் இந்நாட்டுப் பிரஜையாக இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே கேள்வியாகிவிடும். இன்னும் பதியாதவர்கள், பிரசவத்துக்கு முன்பே அந்த வேலையை முடியுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

98 நாள் முடிந்ததும் பிள்ளையை யார் பார்ப்பது? மாதா மாதம் வரும் பெரிய செலவு இதுதான். ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைக் கொட்டகை உள்ள தோட்டம் என்றால் ஆயாவிடம் இடம் கேட்டு வையுங்கள். பாட்டி பார்த்துக்கொள்வதாக இருந்தால், பாட்டிக்கும் மாதம் ஏதாவது கையில் கொடுங்கள். சும்மா பார்க்கட்டும் என்பது நியாயமில்லை. பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வைத்துப் போகலாம். வெளியே நாலு மணி நேரம் தாங்கும், ஐஸ் பெட்டியில் நாலு நாள் வரை இருக்கும்.

அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். பால் கொடுக்கும்போது கரு உண்டாகாது என்று முழுசாக நம்பி ஏமாறாதீர்கள். மாத்திரை, மூன்று மாத ஊசி, வளையம், உறை என்று பல வழிகள் இருக்கின்றன. அரசாங்க கிளினிக்கிலும், 1966இல் அமைக்கப்பட்ட குடும்பத் திட்ட வாரியத்தின் கிளினிக்குகளிலும் குறைந்த செலவில் கிடைக்கும். முப்பதாம் நாள் சோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள், கணவனும் கூடப் போங்கள். பெண்டாட்டி மட்டும் தனியாகச் சுமக்க வேண்டிய காரியம் இல்லை இது.

தோழர்களே, செய்ய வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன். நாள் தள்ளிப் போன வாரமே கிளினிக்கில் பதியுங்கள். அந்த மாதமே ஆபீசில் சொல்லி வேலையை மாற்றிக் கேளுங்கள். அந்தச் சம்பளத்திலேயே மூன்று டின்னை வையுங்கள். பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். பிறந்தவுடன் பத்திரம் எடுங்கள்.

இரத்தப் போக்கு, கண் மங்கிய தலைவலி, முகம் வீங்குதல், வலிப்பு, பனிக்குடம் உடைதல், பிள்ளை துடிப்பு குறைதல் இவற்றில் எது வந்தாலும் பணத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். நடுச்சாமமானாலும் மருந்துச்சாலைக் கதவைத் தட்டுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் கிளைச் செயலாளர் மூலம் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்பலாம்.